இரண்டடித் தொட்டிக்கு எந்த மீன்? முதன்முறை வளர்ப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

மீன் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கும்? மே மாதப் பிற்பகலில் அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடாகும்? குழாயில் வருவது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தவருக்குக் கடையில் நீந்தும் வகைகளில் முக்கால்வாசி தானாகவே கழன்றுவிடும். மீதி இருப்பதில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மீன் முதலில் வருகிறது, தண்ணீரைப் பற்றிய கேள்வி மூன்றாவது மீன் செத்த பிறகுதான் வருகிறது.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளி வீட்டில், ஏசி இல்லாத கூடத்தில் வைக்கும் 24×12×12 அங்குலத் தொட்டிக்கானவை. சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் 'ரெண்டடி டேங்க்' என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான்.

முதல் வேலை: அளந்து பார்த்தல்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 24×12×12 தொட்டிக்கு விடை 56 லிட்டருக்குச் சற்று மேல். ஆனால் அடியில் இரண்டு அங்குலம் சரளை, மேலே மீன் துள்ளாமலிருக்க ஓர் அங்குலம் இடைவெளி என்று விட்டால் நிற்கும் தண்ணீர் 42 முதல் 45 லிட்டர்தான். மீன் கணக்கை இந்த 45-ஐ வைத்துத்தான் போட வேண்டும்.

அடுத்து வெப்பம். பத்து நாள் தண்ணீரை நிரப்பி வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கும் விடியற்காலையிலும் தெர்மாமீட்டரில் பாருங்கள். சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் கோடையில் 31, 32 டிகிரி செல்சியஸ் வரை போவது சாதாரணம். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் இன்னும் கூடலாம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் தாங்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3 அளவுக்குத்தான் தாங்கும். அதே நேரம் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவை கூடுகிறது. தேவை ஏறி வரத்து இறங்கும் இந்த மாதங்களைத் தாண்டக்கூடிய மீன்தான் உங்களுக்கு ஏற்ற மீன்.

மூன்றாவது தண்ணீரின் தன்மை. சோப்பு நுரைக்கவில்லை, குளியலறை வாளியில் வெள்ளைப் படிவு ஏறுகிறது என்றால் கடினத் தண்ணீர். துல்லியமாகத் தெரிய ஒரு டி.டி.எஸ். மீட்டர் போதும், விலை மலிவு. கடினத்தன்மையை மட்டும் தனியாக அளக்கும் கருவி இல்லை அது, கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். இருந்தாலும் நம் நிலத்தடி நீருக்கு அது நல்ல வழிகாட்டி. 150-க்குக் கீழே என்றால் மென்மையான நீர். 150 முதல் 500 வரை பெரும்பாலான மீன்களுக்கு ஒத்துவரும். 500 முதல் 1200 வரை என்றால் கப்பி, பிளாட்டி, மோலி போன்ற குட்டி போடும் வகைகளோடு நிற்பது நல்லது. 1500-ஐத் தாண்டும் போர் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது; பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து இறக்குங்கள்.

'சுத்தமான தண்ணீர்' என்று நினைத்து வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்புவதும் தவறு. கப்பிக்கும் மோலிக்கும் கால்சியமும் மக்னீசியமும் தேவை. அவை இல்லாத நீரில் மோலி, முன்னே நகராமல் நின்ற இடத்திலேயே உடலை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்கும். அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். குறை தண்ணீரில் இருக்கிறது.

'ஒரு ஜோடி' என்ற பழக்கம்

நம் ஊர்க் கடைகளில் விலை ஜோடிக் கணக்கில்தான் சொல்வார்கள். அதனால் வாங்குபவரும் கப்பி ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, கோல்டு ஃபிஷ் ஒரு ஜோடி என்று எடுத்துவிடுகிறார். தொடக்கக்காரர் தொட்டி கெட்டுப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. இதில் கூட்டமாக வாழும் மீன் இரண்டாக நின்று அஞ்சி மூலையில் ஒடுங்கும், அல்லது அந்த அச்சத்தில் மற்றதன் துடுப்பைக் கடிக்கும். டைகர் பார்ப் எட்டுப் பத்தாக இருந்தால் தமக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொள்ளும். இரண்டாக இருந்தால் கப்பியின் வாலைக் கிழிக்கும். வகை குறைவாகவும் எண்ணிக்கை கூடுதலாகவும் வாங்குங்கள். 45 லிட்டரில் அதிகபட்சம் இரண்டு வகை.

இன்னொரு கணக்கும் தவறாகப் போகிறது. கடையில் மூன்று சென்டிமீட்டர் இருக்கும் குஞ்சைப் பார்த்து இடம் போதும் என்று முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது வளர்ந்த அளவு. அதிலும் நீளம் இரண்டு மடங்கானால் உடல் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும், ஏனென்றால் அகலமும் தடிமனும் சேர்ந்து வளர்கின்றன. பத்து சென்டிமீட்டர் மீன் ஒன்று, ஐந்து சென்டிமீட்டர் மீன் இரண்டுக்குச் சமம் இல்லை. தின்பதிலும் கழிவிலும் அது பல மீனுக்குச் சமம்.

உப்புத் தண்ணீரும் வெப்பமும் உள்ள வீட்டுக்கு

இந்த வீடுகளுக்கு முதல் தேர்வு கப்பி. ஆண் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். பெண் ஐந்து, ஆறு. கடின நீரும், 7-க்கு மேல் 8 வரையிலான பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவும் அதற்குப் பிடித்தவை. 30 டிகிரியைத் தாங்கும்.

கப்பியில் வரும் சிக்கல் பெருக்கம். ஒரு பெண், சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இருபது, முப்பது குட்டி போடும். ஒரு முறை சேர்ந்தாலே ஆணின் விந்தை உடலுக்குள் சேமித்துவைத்து, ஆண் இல்லாமலே பல மாதம் தொடர்ந்து குட்டி போடும். கடையிலிருந்து வரும் பெண் கப்பி பெரும்பாலும் சினையாகத்தான் வரும். ஆகவே முதல் தொட்டிக்கு ஆண் கப்பி மட்டும் எட்டு வாங்குங்கள். நிறமும் வாலும் ஆணிடம்தான் இருக்கின்றன. ஆணை அடையாளம் காண அடிவயிற்றுக்குப் பின்னுள்ள துடுப்பைப் பாருங்கள்: குச்சிபோல் ஒடுங்கியிருந்தால் ஆண், விசிறிபோல் விரிந்திருந்தால் பெண். குட்டி வேண்டும் என்பவர் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வைக்க வேண்டும். ஆண் கூடினால் பெண்ணைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும்.

பிளாட்டி இன்னும் உறுதியானது. ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும், தடித்த உடல், யாரையும் தொந்தரவு செய்யாது. ஆண் கப்பி ஆறோடு ஆண் பிளாட்டி மூன்று சேர்க்கலாம். மோலி எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வளரும், நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். இந்தத் தொட்டியில் நான்கோடு நிறுத்திக்கொண்டு வேறெதுவும் சேர்க்காதீர்கள். பந்துபோல் வயிறு உப்பிய 'பலூன் மோலி' முதுகெலும்பு வளைவதற்காகவே தேர்ந்து வளர்த்த வகை. நீந்தவே சிரமப்படும் மீனை வாங்காமலிருப்பது நல்லது. ஸ்வார்டுடெயில் நீளமும் வேகமும் கூடியது, அதற்கு மூன்றடித் தொட்டி வேண்டும்.

நல்ல தண்ணீர் வீட்டுக்கு

டி.டி.எஸ். 300-க்குள் இருந்து, கோடையிலும் 30 டிகிரியைத் தாண்டாத அறை என்றால் தேர்வு விரிகிறது. நம் தெற்காசிய நீரோடைகளிலிருந்தே அருமையான சின்ன மீன்கள் உண்டு, ஆனால் தொலைதேசத்து டெட்ராவுக்குக் கிடைக்கும் மதிப்பு அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

ஜீப்ரா மீன் ஐந்து சென்டிமீட்டர்கூட வளராது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்ப்பது இதைத்தான். அங்கே தண்ணீரை 28.5 டிகிரியில் வைக்கிறார்கள், நம் கூடத்து வெப்பத்துக்கு அருகில். எட்டாக வாங்குங்கள். நாள் முழுக்க ஓடும் மீன் என்பதால் உயரத்தைவிடத் தொட்டியின் நீளம் முக்கியம். துள்ளும், எனவே மூடி அவசியம்.

செர்ரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன், அதுவும் ஐந்து சென்டிமீட்டர்தான். டைகர் பார்ப்போடு பெயர் ஒத்திருந்தாலும் குணத்தில் நேர் எதிர்; சாதுவானது. ஆண் செக்கச்செவேலென்று சிவக்கும், ஆனால் செடி மறைவு இருந்தால்தான் அந்த நிறம் வரும். வெறும் கண்ணாடித் தொட்டியில் வெளிறிப்போய் நிற்கும்.

மேல்மட்டத்துக்கு ஹனி கௌராமி இரண்டு. நான்கு, ஐந்து சென்டிமீட்டர், தேன் நிறம், நிதானமான அசைவு. கௌராமிக்கும் ஃபைட்டருக்கும் தலைக்குள் ஒரு கூடுதல் சுவாச உறுப்பு இருப்பதால் மேலே வந்து காற்றை நேரடியாக இழுத்துக்கொள்ளும். வெயில் மாதங்களில் அது பெரிய பலம். கடையில் அதிகம் பளபளப்பது நீலமும் சிவப்புமான ட்வார்ஃப் கௌராமி. ஆனால் பண்ணைகளில் பெருக்கும்போது ஒரு வைரஸ் நோய் அதில் பரவியிருக்கிறது, மருந்து கிடையாது. ஆகவே ஹனி கௌராமியையே தேடுங்கள். செர்ரி பார்ப் எட்டும் ஹனி கௌராமி இரண்டும் சேர்ந்தால் இந்தத் தொட்டி நிறைவு.

நியான் டெட்ரா வேண்டும் என்பவர்களுக்கு: அதற்கு 20 முதல் 26 டிகிரி வரை மென்மையான நீர் வேண்டும். ஏசி அறை இல்லையென்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்குக் கணக்கே வேறு. அங்கே நியானுக்கும் கப்பிக்கும் ஹீட்டர் வேண்டும், ஜீப்ராவுக்கு அந்தக் குளிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

ஃபைட்டர்: தனிக்குடித்தனம்

இரண்டடிக்கு இடமில்லாதவர் 18×10×10 அங்குலத் தொட்டியில், அதாவது சுமார் 25 லிட்டர் தண்ணீரில், ஒரே ஓர் ஆண் ஃபைட்டர் வைக்கலாம். கூடவே வேறு மீன் வேண்டாம். கப்பியின் நீண்ட வாலைப் பார்த்து எதிரி ஆண் என்று பாயும். காற்றை நேராகச் சுவாசிப்பதால் கண்ணாடிக் குடுவையில் போதும் என்று விற்பார்கள். மூச்சுக்கு வழி இருப்பது உண்மை, ஆனால் அதன் கழிவு அந்த இரண்டு லிட்டரிலேயே தங்கிவிடுகிறது. துடுப்பு கருகி உதிர்வது அதனால்தான். மெல்ல ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் (காற்றால் இயங்கும் பஞ்சு வடிகட்டி) வையுங்கள். வேகமான ஓட்டம் அதன் கனத்த துடுப்புக்கு ஆகாது.

வாங்கக் கூடாதவை

கோல்டு ஃபிஷ்: உருண்டை வகைகளே 15 சென்டிமீட்டரைத் தாண்டும், குளிர்ந்த நீர் வேண்டும், கழிவு மிக அதிகம். குடுவையில் வைக்கவே கூடாது.

டைகர் ஷார்க்: சுறா இல்லை, பெரிய ஆற்றுக் கெளுத்தி இனம். ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது. கண்ணாடியில் முட்டிக்கொண்டே சாகும்.

சக்கர் ஃபிஷ்: 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சேர்த்துக் கொடுப்பார்கள். 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், பாசியைத் தின்பதைவிட அதிகம் கழிக்கும். பெரிதானதும் ஏரியில் விடுகிறார்கள். இந்திய நீர்நிலைகள் பலவற்றில் அது பரவி, முள்ளால் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். எந்த மீனையும் ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள்; வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கலர் விடோ: இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று இருப்பது சாயம் ஏற்றிய டெட்ரா. சாயமேற்றுவதே மீனைப் பலவீனமாக்கும். நிறமும் சில மாதத்தில் வெளுக்கும்.

ஏஞ்சலுக்குக் குறைந்தது 18 அங்குல உயரம் வேண்டும். ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், அரோவானா மூன்றையும் எண்ணிப் பார்க்கவே வேண்டாம். கேரள ஆறுகளின் 'மிஸ் கேரளா' நம் பக்கத்து அழகிதான். ஆனால் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, கூட்டமாக, ஓடும் குளிர்ந்த நீரில் வாழ்வது. நாலடித் தொட்டி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மீனுக்கு முன் தொட்டியைப் பழக்குதல்

மீனின் கழிவும் மிச்ச உணவும் அமோனியாவாகின்றன; அது நஞ்சு. ஃபில்டரில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டின் தீங்கு குறைவு, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் முதல் வாரமே மீன் சாவது இதனால்தான், 'ராசி இல்லை' என்பதால் இல்லை.

நமக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். அமோனியாவின் நச்சு வடிவம் பி.எச். ஒன்று கூடும்போது ஏறக்குறைய பத்து மடங்காகிறது, வெப்பம் ஏறினாலும் கூடுகிறது. 8 பி.எச். உள்ள போர் தண்ணீர், 31 டிகிரி வெப்பம் இரண்டும் சேர்ந்த தொட்டியில் கொஞ்சம் அமோனியாவே கொன்றுவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. ஏர் மோட்டாரும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பொருத்தி இரவு பகலாக ஓட விடுங்கள். ஏர் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே மோட்டாருக்குள் இறங்கிவிடும். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போடுங்கள், அது அழுகி அமோனியா தரும். சொட்டுமருந்து வகை டெஸ்ட் கிட்டில் வாரம் இரு முறை பாருங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்ற நாளில் தொட்டி தயார். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவர்களின் ஸ்பாஞ்சை உங்கள் தொட்டியில் பிழிந்து விடுங்கள். காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருந்தால் இந்தப் பாக்டீரியாவையும் மீனின் செவுளையும் அழித்துவிடும். வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் வையுங்கள், அல்லது ஆன்டி-குளோரின் சொட்டை லேபிளில் உள்ள அளவில் சேருங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

நீங்கள் வாங்கும் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அன்று அங்கே வாங்காதீர்கள். துடுப்பை உடலோடு ஒட்டி மடக்கியிருப்பது, உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி, மேலே வந்து வாய் பிளப்பது, வயிறு ஒட்டிப்போயிருப்பது, கல்லில் உரசிக்கொள்வது எல்லாம் கைவிடச் சொல்லும் அறிகுறிகள். கொஞ்சம் உணவு போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து தின்னாத மீன் வேண்டாம். என்றைக்கு வந்த சரக்கு என்று கேளுங்கள். நேற்று இறங்கியது என்றால் ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், பலவீனமானவை அதற்குள் தெரிந்துவிடும். கடைத் தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு என்று உங்கள் மீட்டரை விட்டே பாருங்கள். கடையில் 300, உங்கள் வீட்டில் 1000 என்றால் மெதுவாகப் பழக்க ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும்.

மாலையில் வாங்குங்கள், வெயிலில் பையோடு அலையாதீர்கள். வீட்டில் விளக்கை அணைத்துப் பையை மூடியபடியே 15 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிறு கப் தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றி வாருங்கள், 40 நிமிடம். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அன்றைக்கு உணவு வேண்டாம்.

எட்டையும் ஒரே நாளில் விடாதீர்கள். பாக்டீரியா அளவு மீனின் அளவுக்கு ஏற்பத்தான் வளரும். முதலில் நான்கு, இரண்டு வாரம் அமோனியா பூஜ்யமாக நின்றால் மீதி நான்கு. கௌராமிபோல் இடம் பிடிக்கும் மீன் கடைசியாக வர வேண்டும். முதலில் வந்தால் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும்.

முதல் இரண்டு மாதம்

உணவு ஒரு நாளைக்கு இரு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் ஒரு நாள் பட்டினி போட்டால் கெடுதல் இல்லை. குழந்தைகள் போடுவதாக இருந்தால் ஒரு நாள் அளவைச் சின்ன டப்பாவில் எடுத்துக் கொடுத்துவிட்டு, பெரிய டப்பாவை மேலே வைத்துவிடுங்கள்.

வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர், 11 லிட்டர், குழாய் வைத்து அடிச்சரளையிலிருந்து உறிஞ்சி எடுங்கள். தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்துச் சோப்பு போட்டுக் கழுவுவது அன்போடு செய்யும் கொலை. ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே மூன்று முறை பிழிந்தால் போதும். குழாயடியில் கழுவினால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா போய்விடும்.

ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாகப் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு சேர்ந்துகொண்டே போகும், ஏனெனில் நீர் மட்டும்தான் ஆவியாகிறது. குறைவதை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். கோடையில் மூடியைத் திறந்து கம்பி வலை போட்டு, ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பில் வீச விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது. ஐஸ் கட்டி போடாதீர்கள். வெப்பம் சட்டென்று இறங்கினால் வெள்ளைப் புள்ளி நோய் வரக்கூடும்.

காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்தால் முதலில் மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள், அடுத்து அமோனியா. 0.5 பி.பி.எம்.-ஐ (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) தாண்டியிருந்தால் உடனே பாதித் தண்ணீரை, அதே வெப்பத்தில் குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றி, இரண்டு நாள் உணவை நிறுத்துங்கள். கரண்ட் நீண்ட நேரம் போகும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அது இல்லாதபோது ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரையே எடுத்து அரையடி உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றுங்கள், கால் மணிக்கு ஒரு முறை இருபது சொம்பு. கரண்ட் வரும்வரை மீன் தாங்கும்.